டீச்சரிடம் கேளுங்கள்: இரண்டாம் பருவத்தில் என்ன படிக்கப் போகிறார்கள்?

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாலே எனக்கு வருகிற கடிதங்களின் போக்கு மாறிவிடும். புதுப் புத்தகம் கைக்கு வந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரு கேள்வி இருக்கும். இந்த முறை ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் நீடாமங்கலம் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பதில்களில் வயலும் வாய்க்காலும் வந்துகொண்டேதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து ஒரு தாய்: டீச்சர், என் மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் பருவப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். புரட்டிப் பார்த்தால் கணக்கில் முதல் பருவத்தில் இருந்த அதே தலைப்புகள். ஒரே பாடத்தையே திரும்ப நடத்துவார்களா? இந்தப் பருவத்தில் அவள் புதிதாக என்னதான் படிப்பாள்?

நன்றாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். வடிவியல், எண்கள், அமைப்புகள், அளவைகள், நேரம், தகவல் செயலாக்கம் என்ற தலைப்புகள் பருவத்துக்குப் பருவம், வகுப்புக்கு வகுப்பு திரும்பி வரும். தலைப்பு அதேதான், ஆனால் உள்ளே ஒரு படி ஏறியிருக்கும். போன பருவத்தில் எண்ணைப் படித்து எழுதினாள் என்றால், இப்போது அதைக் கூட்டவும் கழிக்கவும் வேண்டும்.

புத்தகம் இரண்டு தொகுதி. முதல் தொகுதியில் தமிழும் ஆங்கிலமும், இரண்டாவதில் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியாக இல்லாமல் சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருக்கும். உங்கள் மகளுக்குப் போன ஜூனில்தான் அது பிரிந்தது. அதனால் சமூக அறிவியல் என்றால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் மிரட்சி இருக்கலாம்.

எங்கே கண் வைக்க வேண்டும் என்று சொல்கிறேன். தமிழில், ஒரு பத்தியை விரல் வைக்காமல் வாசித்து, யார், எங்கே, ஏன் என்று கேட்டால் சொந்த வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். புத்தக வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தால் வாசித்தாள் என்று அர்த்தமில்லை. எழுதும்போது ண, ன, ந குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் இருக்கும். நம் பக்கத்துப் பேச்சில் வாழைப்பழம் வாளப்பளமாகத்தான் வாயில் வருகிறது. பிள்ளை காதில் விழுந்ததைத்தானே எழுதும்? தினமும் ஐந்து சொல் சொல்லி எழுத வையுங்கள். சொல்கிற நீங்கள் கொஞ்சம் நாக்கை மடித்துச் சொல்லுங்கள்.

கணக்கில் மூன்றாம் வகுப்புக்காரர்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. நடுவில் பூச்சியம் உள்ள கழித்தல். 302-இல் 147 போனால் எவ்வளவு? ஒன்றாம் இடத்தில் 2, அதில் 7 போகாது. பக்கத்தில் கடன் வாங்கலாம் என்று பார்த்தால் அங்கே பூச்சியம். பிள்ளை பேசாமல் 7-இல் 2-ஐக் கழித்து 5 என்று எழுதிவிடும். கடைசி இலக்கம் தற்செயலாகச் சரியாகவும் வந்து தொலைக்கும்! நாம் திருத்தும்போது ஏமாந்துவிடுவோம். அடுத்து 0-வில் 4 என்ற இடத்திலும் அவள் திருப்பிக் கழித்து 4 என்று எழுதியிருக்கிறாளா பாருங்கள். அங்கேதான் குட்டு உடையும்.

இதற்குக் கரும்பலகையை விடக் காசு நல்ல வாத்தியார். மூன்று நூறு ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய் நாணயம் எடுத்து வையுங்கள். 147 ரூபாய் கொடு என்று கேளுங்கள். கொடுக்க முடியாது, சில்லறை இல்லை. ஒரு நூறை மாற்றிப் பத்து பத்து ரூபாய் வாங்கட்டும். இன்னும் ஏழு ஒற்றை ரூபாய் இல்லையே? ஒரு பத்தை மாற்றிப் பத்து ஒற்றை ரூபாய் வாங்கட்டும். இப்போது கையில் இரண்டு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. இனி கொடுத்துவிடலாம், மீதி 155. பூச்சியம் ஏன் ஒன்பதாக மாறுகிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதது, இந்த இரண்டு முறை சில்லறை மாற்றியதில் ஏறிவிடும். புத்தகத்தில் இதற்கு இனமாற்றம் என்று பெயர்.

இன்னொன்று. முதல் பருவப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். 2012-இல் முப்பருவ முறை வந்ததில் பிள்ளைகள் முதுகுக்குச் சுமை குறைந்தது, நல்ல விஷயம். கூடவே, ‘முடிந்த பருவம் முடிந்தது, இனி அதிலிருந்து கேள்வி வராது’ என்ற நினைப்பும் பெற்றோருக்கு வந்துவிட்டது. தேர்வில் வராதுதான். ஆனால் முதல் பருவக் கூட்டல் தெரியாமல் இரண்டாம் பருவப் பெருக்கல் எப்படி வரும்?

குடவாசலிலிருந்து ஒரு தாத்தா: அம்மா, என் பேத்தி இரண்டாம் வகுப்பு. அவள் ‘மொட்டு’ நிலையில் இருப்பதாகப் பள்ளியில் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ‘மலர்’ என்கிறார்கள். இது எங்கள் காலத்து பாஸ், ஃபெயில் மாதிரியா?

இல்லை ஐயா. இது எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வகைப்பாடு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கைநழுவிப் போயின. அதைச் சரிசெய்ய 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை இதைக் கொண்டு வந்தார்கள். மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் ஒருத்திக்கு எழுத்தே தடுமாறும், இன்னொருத்தி கதையே படிப்பாள். எல்லாருக்கும் ஒரே பக்கத்தை நடத்தினால் இரண்டு பேருக்கும் பிரயோஜனமில்லை. அதனால் பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அதற்கேற்ற பயிற்சி கொடுக்கிறார்கள். எழுத்துகளில் நிற்பவர்கள் அரும்பு, சொற்களுக்கு வந்தவர்கள் மொட்டு, வாக்கியம் வாசித்துப் புரிந்துகொள்பவர்கள் மலர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலையிலேயே உட்கார வைத்துவிட மாட்டார்கள், ஏற ஏற மாற்றுவார்கள்.

உங்கள் பேத்தியைப் பேருந்து நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வருகிற பேருந்தின் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். ‘நாச்சியார்கோவில்’ என்பதில் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். பெரும்பாலும் ‘கோ’வில்தான் நிற்பாள். முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் க. மூன்றையும் சேர்த்து ஒரே ஒலி என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குச் சுலபமில்லை. பின்னால் வரும் காலை ‘ர’ என்று படிக்கிற பிள்ளைகளும் உண்டு, இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? மொட்டிலிருந்து மலருக்குப் போகிற வழியில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் இந்த மூன்றும்தான் பெரிய தடை. கெ, கே, கொ, கோ நான்கையும் ஒரே வரியில் எழுதிக் காட்டி, தினம் ஒரு மெய்யெழுத்து என்று மாற்றிக்கொண்டே போங்கள். பக்கத்து வீட்டுப் பையன் கதை நமக்கு எதற்கு ஐயா.

வேதாரண்யத்திலிருந்து ஒரு தந்தை: ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் பக்கம் பாதி நாள் மழை விடுமுறை. மகன் நான்காம் வகுப்பு. இந்தப் பருவப் பாடம் எப்படி முடியும்? வீட்டில் நாங்களே நடத்த வேண்டுமா?

இரண்டாம் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும், டெல்டாவில் பிறந்த பிள்ளைக்கு அது எழுதி வைத்தது. விட்டுப்போன நாட்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைத்து ஆசிரியர்கள் ஈடுகட்டிவிடுவார்கள். நீங்கள் வீட்டில் இன்னொரு வகுப்பறை நடத்த வேண்டாம். ஆனால் அந்த மழையையே பாடமாக்கலாம். எங்கள் பள்ளியில் செய்ததைச் சொல்கிறேன்.

பக்கவாட்டுச் சுவர் நேராக இருக்கிற ஒரு பழைய பால் பவுடர் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து குறுகிய பாட்டில் ஆகாது. மரம், கூரை ஓரம் இல்லாத திறந்த இடத்தில், காற்றுக்குச் சாயாமல் இரண்டு பக்கமும் செங்கல் கொடுத்து வையுங்கள். மறுநாள் காலை எட்டரை மணிக்கு உள்ளே தேங்கிய தண்ணீரில் ஸ்கேலை நேராக நிறுத்தி அளக்கட்டும். ஸ்கேலின் ஓரத்தில் பூச்சியத்துக்கு முன்னால் கொஞ்சம் வெறும் பிளாஸ்டிக் இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் எட்டரை? வானிலைத் துறையும் முந்தின நாள் எட்டரையிலிருந்து அன்று எட்டரை வரைதான் மழையைக் கணக்கிடுகிறது. வானொலியிலும் செய்தித்தாளிலும் உங்கள் ஊர் மழையளவு வரும். தன் டப்பா அளவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிற அன்று பையன் முகத்தைப் பாருங்கள்.

பெரிய டப்பா வைத்தால் அதிக மழை காட்டுமா என்று அவன் கேட்பான். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். இரண்டு அளவு டப்பா வைத்துப் பார்த்தால் அவனே கண்டுபிடிப்பான், உயரம் ஒன்றுதான். வாய் அகலமானால் தண்ணீர் அதிகம் விழும், அது பரவிக் கிடக்க இடமும் அதிகம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மொட்டை மாடி பத்தடி அகலம், இருபதடி நீளம் என்றால் ஏறக்குறைய 18.5 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் பெய்தால் 185 லிட்டர். அளவைகள், பெருக்கல், நீர் சேமிப்பு மூன்றும் அதில் அடங்கிவிட்டன. ஒரு வார அளவை நோட்டில் கட்டம் போட்டு நிரப்பினால் தகவல் செயலாக்கமும் முடிந்தது.

தமிழுக்கும் ஒன்று சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் உங்கள் கரையில்தான் ஏறியது. உங்கள் மகனுக்கு அப்போது விவரம் தெரிந்திருக்காது. அன்றைக்கு இராத்திரி வீட்டில் என்ன நடந்தது என்று அப்பாயியிடம் கேட்டுப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், அன்று சிவப்பு மை வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: இடி மின்னலில் டப்பாவைப் பார்க்க ஓடக்கூடாது.

பாபநாசத்திலிருந்து ஒரு மருமகள்: என் மாமனார், ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு குழி, மா, வேலி என்று சொல்லிக் கொடுக்கிறார். தேர்வில் மீட்டர்தானே கேட்பார்கள்? பிள்ளை குழம்ப மாட்டானா?

மாமனாரைத் தடுக்காதீர்கள் அம்மா. அவர் சொல்லிக் கொடுப்பது பரப்பளவு, அதுவும் காலால் நடந்து பார்க்கிற பரப்பளவு. பன்னிரண்டு அடிக் கோல் ஒன்று. அதை நீளத்துக்கு ஒரு முறை, அகலத்துக்கு ஒரு முறை போட்டால் 144 சதுர அடி, அது ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. கோல் அளவு இடத்துக்கு இடம் மாறும், உங்கள் ஊர்க் கோல் எத்தனை அடி என்று அவரையே கேட்டுக்கொள்ளட்டும். மூன்று மா ஒரு ஏக்கர் என்று நாம் வாய்க்கணக்காகச் சொல்கிறோமே, அது சரியா என்று பையனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 14,400-ஐ மூன்றால் பெருக்கினால் 43,200. ஏக்கர் 43,560 சதுர அடி. 360 சதுர அடி துண்டு விழுகிறது, அதாவது இரண்டரைக் குழி. ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு இதைவிட நல்ல கணக்கு எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

தேர்வுத் தாளில் மீட்டர், சென்டிமீட்டரில் எழுத வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லி வையுங்கள். வீட்டு வழக்கு வேறு, தாள் வழக்கு வேறு என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும், நமக்குத்தான் பயம்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். 40 x 7 என்று பலகையில் எழுதினால் தலையைச் சொறிவான். நெல் கொள்முதல் நிலையத்தில் அவன் அப்பா சுமைதூக்குகிறவர். “ஏழு மூட்டை எடை போட்டால் எவ்வளவுடா?” என்றால் “280 கிலோ டீச்சர், ரெண்டே முக்கால் குவிண்டாலுக்குக் கொஞ்சம் மேல” என்பான். மூட்டைக்கு 40 கிலோ என்பது மூட்டைகளை அடுக்கி அட்டி போடுகிற இடத்தில் நின்று நின்று அவனுக்குப் பழக்கம். அதற்கப்புறம் நாற்பதாம் வாய்ப்பாட்டுக்கு நான் மூட்டை வாய்ப்பாடு என்று பெயர் வைத்துவிட்டேன், வகுப்பே கத்திச் சொல்லும்.

திருவையாற்றிலிருந்து ஒரு தாய்: ‘நமது ஆறுகள்’ என்று செயல்திட்டம் கேட்டிருக்கிறார்கள். தெர்மாகோலில் கல்லணை செய்து தரக் கடையில் நானூறு ரூபாய் கேட்கிறார்கள். வாங்கிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். கடைக்காரர் செய்த கல்லணைக்குக் கடைக்காரருக்குத்தான் மதிப்பெண் போட வேண்டும். நான் வேலை பார்த்த நாளில் தெர்மாகோல் பெரிய கோவில்கள் பள்ளி அலமாரியில் தூசி படிந்து நிற்கும், எந்தப் பிள்ளைக்கும் அதைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரியாது.

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். கல்லணையில் தொடங்குங்கள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிகிறது, மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்துக்குப் போகிறது. கல்லணைக் கால்வாயை நம் ஆட்கள் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். கல்லணை கரிகாலன் காலத்தது என்பார்கள், புது ஆறோ மேட்டூர் அணையோடு 1934-இல் வந்தது. உங்கள் ஊரில் ஐந்து ஆறு என்கிறீர்கள், பெயரிலேயே இருக்கிறது. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு. ஒவ்வொன்றையும் உங்கள் மகள் பாலத்தில் நின்று பார்த்திருப்பாள். எது எதிலிருந்து பிரிகிறது என்பதை அம்புக்குறி போட்டு வரையட்டும். கடைசியில் உங்கள் தெரு வாய்க்கால் வரை வர வேண்டும், அதுதான் முக்கியம். சந்தேகம் வந்தால் மதகைத் திறந்து மூடுகிற பணியாளர் லஸ்கரைக் கேட்கச் சொல்லுங்கள், எந்தப் புத்தகத்திலும் இல்லாத விவரம் அவரிடம் இருக்கும். வரைபடத்தில் திசை குறிக்க மறக்க வேண்டாம். வடக்கு மேலே என்று அன்றைக்குத்தான் பல பிள்ளைகளுக்கு மனதில் பதியும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தந்தை: மகன் ஆங்கிலப் பாட்டை மனப்பாடமாகச் சொல்கிறான், ஆனால் வாசிக்கத் தெரியவில்லை. வேன் வருகிற பள்ளியில் மாற்றிவிடலாமா?

வேன் வந்தால் வாசிப்பு வராது. பக்கத்தில் உள்ள படத்தைக் கையால் மூடிவிட்டு, வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் எழுத்துகளின் ஒலியிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றெழுத்துச் சொற்கள் நாளைக்கு நான்கு போதும். இந்தப் பருவம் முழுக்க அதையே செய்தாலும் தவறில்லை. பள்ளியை மாற்றுவது வேறு விஷயம், நடுப்பருவத்தில் அதைச் செய்யாதீர்கள்.

சீர்காழியிலிருந்து ஒரு வாசகர்: ஐந்தாம் வகுப்பு மகளுக்குத் தேர்வுத் தாளில் 60-க்கு 41. மதிப்பெண் அட்டையில் வேறு எண் இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. எழுத்துத் தேர்வு தொகுத்தறி மதிப்பீடு, அதற்கு 60. பருவம் முழுக்கச் செய்த செயல்பாடுகளும் சிறு தேர்வுகளும் வளரறி மதிப்பீடு, அதற்கு 40. இரண்டையும் கூட்டித்தான் அட்டையில் வரும்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தாய்: ஆசிரியரிடம் போய் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. ‘நல்லா படிக்கிறாளா?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும். மூன்று விஷயம் கேளுங்கள். தமிழில் இவள் எந்தப் பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறாள், காட்டுங்கள். கணக்கில் எந்த மாதிரிக் கணக்கில் தவறு விடுகிறாள், நோட்டில் காட்டுங்கள். இந்த மாதம் வீட்டில் நான் ஒன்று செய்யலாம் என்றால் எதைச் செய்யட்டும்? காட்டச் சொல்லிக் கேட்டால் ஆசிரியரும் நோட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும், பேச்சு தானாக நடக்கும்.

வகுப்பு நடக்கும்போது ஜன்னல் பக்கம் நின்று கூப்பிடாதீர்கள், அது பிள்ளைகளுக்கும் நல்லதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கிற நாளில் போகலாம். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது, அதனால் யாரோ நடத்துகிற கூட்டம் என்று ஒதுங்க வேண்டாம். இல்லையென்றால் மாலை மணி அடித்த பிறகு போங்கள். பிள்ளையும் கூட இருக்கட்டும், கணக்கு நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.